ஏழுக்கு இரண்டு

தம்பிதுரைக்கு ரேங்க் என்றால் உயிர். தான் எட்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழாவதாக வந்ததை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. முப்பத்தெட்டாவதாக வந்தவன் பரீட்சை சமயத்தில் அம்மை போட்டுப் படுத்திருந்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டார். கணபதி என்ற ஊரில் சொந்தமாக இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்து, மோட்டார் பாடி வார்த்து, நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி ஆன பிறகும் அந்த முப்பத்தேழு அவரை விட்டபாடில்லை. அதனால்தான் ஒரே மகள் லோகப்பிரியா ஆறாம் வகுப்பு வரைக்கும் முதல் ரேங்க்கைவிட்டு இறங்காமல் வந்தபோது, ஏதோ தானே திரும்பப் பரீட்சை எழுதிப் பழி தீர்த்துக்கொண்ட மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படிப்பட்டவர் தொண்ணூற்றாறாம் வருடம் ஜூன் மாதம் மகளை ரேங்க்கே போடாத ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் சேர்த்தார் என்றால், அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரில் இருந்த ‘இன்டர்நேஷனல்’ என்ற ஒரு சொல்தான் காரணம். உள்ளூரில் விற்கிற மோட்டாரைவிட வெளிநாட்டுக்குப் போகிற மோட்டாருக்கு ஒரு பூச்சு பெயின்ட் கூடுதலாக அடிப்பார்கள். பள்ளிக்கூடமும் அப்படித்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். மேற்கே மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த அந்தக் கட்டடங்களைப் பார்த்ததும் வாயடைத்துப் போனவர், பரீட்சை எப்படி, மார்க் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

கேட்டது அவருடைய மச்சான் அழகிரிசாமி. தம்பிதுரையின் மனைவி தெய்வாத்தாளுக்கு மூத்த அண்ணன். கோபிசெட்டிபாளையத்தில் வாழையும் நெல்லுமாக நல்ல பண்ணையம். அவர் மகன் நிதீஷ் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் தங்கி, விடிகாலை நாலரைக்கு எழுந்து படித்து, நூற்றுக்கு நூறாக வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங் மாப்ள, ரேங்க் போடாத பள்ளிக்கூடத்துல புள்ள படிக்குதா தூங்குதான்னு எப்படிங்க தெரியும்?” என்று அழகிரிசாமி ஒரு காதுகுத்து வீட்டில் பந்தி நடக்கிற இடத்தில் வைத்துக் கேட்டார்.

“ரேங்க் இல்லாம எப்படிங்க மச்சான் இருக்கும்? வேற பேருல இருக்கும்” என்றார் தம்பிதுரை. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சுற்றியிருந்த பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வாக்கும் கொடுத்தார். முதல் பருவத்தில் அறிவியலிலோ கணக்கிலோ மூன்று ரேங்க்குக்குள் வந்தால் பிள்ளை அங்கேயே இருக்கும். வராவிட்டால் பாதி வருடத்திலேயே டி.சி. வாங்கி நாமக்கல் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். சீட்டுக்கு அழகிரிசாமி பொறுப்பு. தம்பிதுரையின் வாக்கு வார்ப்பிரும்பு மாதிரி, வளைக்க முடியாது. அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த லோகப்பிரியா அதற்குமேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிடித்துப்போயிருந்தது.

அக்டோபரில் முதல் பருவத்து அறிக்கை வந்தது. ரேங்க் கார்டு என்றால் ஒரு அட்டை, நாலு கோடு, கீழே கையெழுத்து. இது எட்டுப் பக்கம். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதியிருந்தது. தம்பிதுரைக்கு ஆங்கிலம் லாரி ரசீது படிக்கிற அளவுக்குத்தான் வரும். கண்ணில் பட்ட எண்களை மட்டும் பொறுக்கினார். தமிழ் ஏழு. ஆங்கிலம் ஆறு. சமூக அறிவியல் ஆறு. கணக்கு மூன்று. அறிவியல் இரண்டு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்து ஏழு வரை போடுவார்கள், ஏழுதான் உச்சி, ஒன்றுதான் அடிமட்டம். இதை அவர்கள் ஒளித்துவைக்கவில்லை. முதல் பக்கத்திலேயே நாலு பத்தியில் விளக்கியிருந்தார்கள். ஆனால் ஒன்று என்றால் முதலிடம், இரண்டு என்றால் அதற்கடுத்த இடம் என்று நாற்பது வருடமாக நினைத்துப் பழகிய மனுசனுக்கு அந்த நாலு பத்தி எதற்கு?

“தெய்வா, இங்க வா. அம்மணி அறிவியல்ல ரெண்டாவது. கணக்குல மூணாவது” என்றார். அவருக்கு வாயெல்லாம் பல்.

“அப்பா, அது வந்துங்க...” என்று லோகப்பிரியா ஆரம்பித்தாள். அவர் அதற்குள் கோபியில் இருந்த மச்சானுக்குப் போன் போட்டிருந்தார். போனை வைத்ததும் மறுபடி ஆரம்பித்தாள். அப்போது அவர் தமிழுக்கு வந்திருந்தார்.

“அதென்ன கண்ணு, ஊட்டுல பேசற பாசையில போயி ஏழாவது? வெள்ளைக்காரப் புள்ளைகளெல்லாம் உனக்கு முன்னால வந்திருக்குமாட்ட இருக்குது. இன்னிலிருந்து தெனமும் பத்துப் பக்கம் தமிழ் எழுதோணும். எழுதி எனக்குக் காட்டோணும்.”

மறுநாள் காலையில், பவுண்டரிக்கு மைசூர்பாகு வாங்கப் போகிற வழியில், காரில் வைத்து மூன்றாவது தடவையும் வாயைத் திறந்தாள். “அப்பா, நான் ஒண்ணு சொல்லோணுங்க.” “எல்லாம் பொறகு சொல்லலாம் சாமி, கடை கூட்டமாயிரும்” என்றுவிட்டார். நாற்பது பேருக்கும் கால் கிலோ. அச்சுப் போட்டு வார்க்கிற தலைமை மோல்டர் பீர் முகம்மதுக்கு அரை கிலோ. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை என்னத்தைச் சொல்லும்? சொன்னால் அப்பா மூக்கு உடையும், தனக்கு நாமக்கல் ஹாஸ்டல். பன்னிரண்டு வயதில் இதற்கு மேல் கணக்குப் போட யாருக்கும் தெம்பு இருக்காது. தினமும் பத்துப் பக்கம் தமிழ் எழுதினாள், வகுப்பிலேயே தமிழில் உச்சி எடுத்த பிள்ளை.

தீபாவளிக்குக் கோபிக்குப் போனார்கள். லோகப்பிரியா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மாமன் வீட்டு விறகடுப்பில் சொம்பில் தண்ணீர் வைத்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, நோட்டில் ஏதோ எழுதினாள். அழித்து எழுதவில்லை, மறுபடி தண்ணீர் வைத்தாள், மறுபடி எழுதினாள்.

“ரெண்டாவது ரேங்க்குக்காரங்க வெந்நீர் வெக்கறாங்களாக்கும்” என்று சிரித்த அழகிரிசாமி, தம்பிதுரையின் பக்கம் திரும்பினார். “அது செரிங்க மாப்ள, மொத ரேங்க் யாருன்னு கேட்டீங்களா?”

தம்பிதுரை கேட்கவில்லை. அழகிரிசாமி அப்போது விட்டாலும் மனதில் விடவில்லை. நவம்பர் கடைசியில், பெற்றோர் வந்து பிள்ளையின் வேலையைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தபோது, “நானும் வாரேனுங்க” என்று கோபியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கணபதிக்கு வந்து இறங்கிவிட்டார். சட்டைப் பையில் நாமக்கல் ஹாஸ்டலின் விண்ணப்பம் நாலாக மடித்து இருந்தது. ஜனவரிக்கு மேல் சீட்டு நிற்காதாம்.

வகுப்பறையில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிள்ளை, ஒரு கோப்பு, எதிரே அப்பா அம்மா. லோகப்பிரியாவுக்கு எதிரே அம்மாவுக்குப் பதில் மாமன். அவள் மேசையில் கூடவே ஒரு ஸ்பிரிட் விளக்கும் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையும் தெர்மாமீட்டரும் இருந்தன. அறிவியல் டீச்சர் சித்திகா எழுந்து வந்து வணக்கம் சொன்னார். கோட்டைமேட்டுக்காரர். இதற்கு முன்னால் வேறொரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் சிவப்பு மையில் அரை மார்க், கால் மார்க் என்று குறைத்தே பேர் வாங்கியவர். இங்கே வந்தபிறகு அந்தக் கையைக் கட்டிப்போட்டுக்கொள்ளப் படாதபாடு பட்டவர்.

தம்பிதுரை இரண்டு கையாலும் பழத்தட்டை நீட்டினார். “புள்ளய ரெண்டாவது ரேங்க் வாங்க வெச்சிருக்கீங்க டீச்சரம்மா. பெரிய விசயமுங்க.”

சித்திகா தட்டைப் பார்த்தார். லோகப்பிரியாவைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. டீச்சருக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்து, ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“இன்னிக்கு இது லோகப்பிரியாவோட மேசைங்க. நான் பேசக்கூடாது. மார்க்கு ஒவ்வொண்ணும் எதனால வந்துச்சுன்னு அவதான் உங்களுக்குச் சொல்லணும். எங்க வழக்கம் அப்படிங்க.”

பிள்ளை சொல்ல, பெரியவர்கள் கேட்பதா என்று தம்பிதுரைக்கு வேடிக்கையாக இருந்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். லோகப்பிரியா கோப்பைத் திறந்தாள்.

“அப்பா, எனக்கு ரேங்க் இல்லீங்க. அந்த ரெண்டு, ஏழுக்கு ரெண்டுங்க.”

“ஏழு பேருல ரெண்டாவதா?”

“இல்லீங்கப்பா. ஏழுதான் ஒசத்தி. ஒண்ணுதான் கடேசி. நான் கடேசிக்கு ஒண்ணு மேல.”

தம்பிதுரையின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது கால் கிலோ மைசூர்பாகு அவர் கண் முன்னால் வரிசையாகப் போனது. அழகிரிசாமி சிரிப்பார் என்று எதிர்பார்த்தார்; அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்துப் பிரித்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். “நான் ஒண்ணும் பேசலீங்க மாப்ள” என்றார். அதற்குச் சிரித்தே இருக்கலாம்.

“அப்ப தமிழ்ல ஏழு வாங்குனது?” என்று தம்பிதுரை மெதுவாகக் கேட்டார்.

“அதுதானுங்கப்பா உச்சி.”

அன்றைக்கு வரைக்கும் ஐநூறு பக்கத்துக்குமேல் எழுதியிருப்பாள். அவர் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தார். வெட்கம் வந்தால் சில பேருக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். அவர் அந்த ரகம்.

“அறிவியல்ல எதுக்கு ரெண்டு? ஆறு வருசம் மொத ரேங்க் வாங்குன புள்ளைக்கு ரெண்டு போட இவிங்க யாரு?”

லோகப்பிரியாதான் சொன்னாள். “சரியாத்தானுங்கப்பா போட்டிருக்காங்க. தண்ணி எத்தனை டிகிரில கொதிக்குதுன்னு பாத்து எழுதச் சொன்னாங்க. நான் பாக்கவே இல்லீங்க. நூறுன்னு எழுதிப்போட்டேன்.”

“நூறுதானே கண்ணு?” என்றார் அழகிரிசாமி. “நிதீஷ் அத எழுதித்தான் முழு மார்க் வாங்குனான்.”

“மத்த புள்ளைங்கெல்லாம் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தெட்டரைன்னு எழுதியிருந்தாங்க மாமா. மிஸ் என்னை மறுபடி செய்யச் சொன்னாங்க. செஞ்சேன். தெர்மாமீட்டர் தொண்ணூத்தெட்டரைன்னுதான் காட்டுச்சு. தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, மறுபடியும் நூறுன்னே எழுதிக் குடுத்தேன். அதுக்குத்தான் ரெண்டு.”

“அப்ப புஸ்தகம் பொய்யா?”

லோகப்பிரியா டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தீக்குச்சியை உரசி விளக்கைப் பற்றவைத்தாள். “பொய்யில்லீங்க மாமா. அது கடல் மட்டத்துல. நம்மூரு அதவிட ஒசரம். நீங்களே பாருங்க.”

குவளையில் குமிழி வந்தது, தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அழகிரிசாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். தொண்ணூற்றெட்டுக்கு மேலே பாதியில் நின்ற பாதரசத்தை அவரால் ஏற்றிவிட முடியவில்லை. நன்றாகக் கொதிக்கட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தார். அது அங்கேயே நின்றது. “என்னுங்க இது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

லோகப்பிரியா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். குரல் இப்போது கொஞ்சம் நிலைப்பட்டிருந்தது. “அதுக்கப்பறம் நானா ஒரு வேலை எடுத்துக்கிட்டேன். ஒசரம் மாறுனா கொதிக்கறது எப்படி மாறுதுன்னு. கோத்தகிரிக்கு டூர் போனப்ப அங்க பாத்தேன், தொண்ணூத்திநாலு. இங்க தொண்ணூத்தெட்டரை. கோபி இங்கயவிடத் தாழ்ந்த ஊரு. அதனால தொண்ணூத்தொம்பதுக்கு மேல கொஞ்சம் வரோணும். ஆனா...”

கோபிக்கு நேராக நூற்றிரண்டு என்று இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். வட்டம் போட்டது டீச்சர் இல்லை, அவளேதான். கீழே எழுதியிருந்தாள்: ‘இந்த அளவு தவறு. இரண்டு தடவை செய்தும் இதே வந்தது. எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை.’

அழகிரிசாமி குனிந்து படித்தார். “இதென்ன கண்ணு, தெரிஞ்சே உட்டுட்ட? அழிச்சுப்போட்டுத் தொண்ணூத்தொம்பதரைன்னு எழுதியிருந்தா அழகா வரிசையா வந்திருக்குமில்ல. கோபிக்கு வந்து யாரு பாக்கப் போறாங்க?”

“மச்சான், கம்முனு இருங்க” என்றார் தம்பிதுரை.

அவர் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பவுண்டரியில் வார்ப்பு ஆறியதும் உள்ளே காற்று மாட்டிய ஓட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஓட்டை விழுந்த வார்ப்பை, ஓட்டையைப் பட்டி பூசி அடைத்துப் பெயின்ட் அடித்துத் தள்ளிவிடுகிற மோல்டர்கள் ஊருக்குள் உண்டு. அப்படி ஒருத்தனைக் கண்டால் தம்பிதுரை அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். ஓட்டையை அவனாகவே கொண்டுவந்து, “இது போச்சுங்க முதலாளி” என்று காட்டுகிறவனை ஒரு வார்த்தை திட்டமாட்டார். இருபது வருடத்தில் அப்படி அவருக்கு வாய்த்தது பீர் முகம்மது ஒருத்தர்தான். முதலாளி என்ன சொல்வாரோ என்ற பயம் மற்றவர்களுக்கெல்லாம் இருந்தது. இந்தப் பிள்ளைக்கும் பயம் இருந்தது. ஹாஸ்டல் விண்ணப்பம் கண்ணெதிரே விரிந்து கிடந்தது. அதை வைத்துக்கொண்டே காட்டியிருக்கிறாள். தம்பிதுரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளைப் பற்றி அவர் நிறையத் தடவை பெருமைப்பட்டிருக்கிறார், ஆனால் மரியாதை தோன்றியது இதுதான் முதல் தடவை.

“தண்ணி எதுல வெச்ச?” என்று கேட்டார்.

“அத்தை குடுத்த பித்தளைச் சொம்புலங்கப்பா. சின்னச் சொம்பு.”

“தெர்மாமீட்டர் எங்க நின்னுச்சு? அடியில முட்டிக்கிட்டு நின்னுச்சா?”

அவள் யோசித்தாள். “ஆமாங்க. தண்ணி கொஞ்சந்தான் இருந்துச்சு.”

“அதான். நீ தண்ணியப் பாக்கல, சொம்போட அடிச்சூட்டப் பாத்திருக்கற. உருக்குன இரும்புல சூடு பாக்கறப்ப, கருவி பாத்திரத்து மேல பட்டுதுன்னா இப்படித்தான் பொய் சொல்லும்.”

லோகப்பிரியாவின் கண் விரிந்தது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்து மாதம் இருந்த பிள்ளை அல்லவா, சும்மா விடவில்லை. “அதனாலதான்னு எப்படிங்கப்பா தெரியும்? செஞ்சு பாக்கோணும்.”

இரண்டு பேருமாகச் செய்து பார்த்தார்கள். தம்பிதுரை சட்டைக் கையை மடித்துவிட்டு, தெர்மாமீட்டரைக் குவளையின் அடியில் முட்டவைத்துப் பிடித்தார். பாதரசம் தொண்ணூற்றொன்பதைத் தாண்டி நூறைத் தொட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவர் “பாத்தியா” என்றார். லோகப்பிரியா நோட்டில் எழுதினாள்: ‘அப்பா சொன்ன காரணம் சரியாக இருக்கலாம்.’

“இருக்கலாமா? கண்ணால பாத்தமில்ல?”

“இது கண்ணாடிக் குவளைங்கப்பா. அதே சொம்புல, அதே அடுப்புல செஞ்சு பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்.”

நாற்பது பேர் நாள் முழுக்க “சரிங்க முதலாளி” என்று சொல்லிக் கேட்டுப் பழகிய மனுசன். ‘இருக்கலாம்’ என்று அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

கடைசியாக மார்க் போடுகிற சடங்கு. இந்தப் புது வேலைக்குத் தனக்கு எத்தனை என்று லோகப்பிரியா முன்கூட்டியே பென்சிலில் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டியிருந்தாள். டீச்சர் தன்னுடையதைத் தனியாக எழுதி ஒட்டியிருந்தார். இரண்டையும் அங்கேயே பிரித்தார்கள். லோகப்பிரியா தனக்கு நாலு போட்டிருந்தாள். ஒரு அளவு தவறிப்போனதையும் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்காததையும் எழுதியிருந்தாள். சித்திகா ஐந்து போட்டிருந்தார். காரணம் ஒரே வரி: ‘தன் தவறு எது என்று தானே கண்டுபிடித்தாள்.’

“நீங்களா போடறதுதானுங்களே டீச்சரம்மா, அஞ்சு போட்டா என்ன, ஆறு போட்டா என்ன?” என்று அழகிரிசாமி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நான் மட்டும் போட முடியாதுங்க. பேரை மறச்சு இன்னும் ரெண்டு டீச்சருங்க தனித்தனியாப் பாப்பாங்க. மூணு பேரும் ஒத்துவரலைன்னா ஏன்னு உக்காந்து பேசணும். இவளோடதுக்கு ஒருத்தர் நாலு, ஒருத்தர் ஆறு. ஒரு மணி நேரம் வாதம் பண்ணுனோமுங்க.”

தம்பிதுரை நிமிர்ந்து பார்த்தார். மூன்று படித்த மனுசர்கள் தன் மகள் தண்ணீர் காய்ச்சியதைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆறு வருடம் அவர் கையெழுத்துப் போட்ட ரேங்க் கார்டுகளுக்காக யாரும் ஒரு நிமிடம் சண்டை போட்டதாக அவர் கேள்விப்பட்டதில்லை. எட்டாம் வகுப்பில் தனக்கு முப்பத்தேழு போட்டவர், எதனால் முப்பத்தேழு என்று தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. சொல்லியிருந்தால் தம்பிதுரை சரி செய்துகொண்டிருப்பாரோ என்னவோ.

விண்ணப்பத்தை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, அழகிரிசாமியின் கையில் கொடுத்தார். “புள்ள இங்கயே இருக்கட்டுங்க மச்சான். குடுத்த வாக்கு உடஞ்சுபோச்சு. அன்னிக்குப் பந்தியில இருந்த பத்துப் பேர்த்துகிட்டயும் நானே போயிச் சொல்லிக்கறேன்.”

அழகிரிசாமி அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, குவளையில் ஆறிக்கொண்டிருந்த தண்ணீரை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். லோகப்பிரியா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது உண்மைதானா என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

கோப்பின் கடைசியில் பெற்றோருக்கென்று ஒரு பக்கம் இருந்தது. தமிழிலும் எழுதியிருந்தார்கள்: ‘இந்தப் பருவத்தில் உங்கள் பிள்ளையின் படிப்பில் உங்கள் பங்கு எப்படி இருந்தது? ஒன்று முதல் ஏழு வரை நீங்களே மதிப்பிடுங்கள்.’ இதை எல்லோரும் ஆறு, ஏழு என்று போட்டுவிட்டுப் போவதுதான் வாடிக்கை. தம்பிதுரை பேனாவை வாங்கி, யோசிக்காமல் இரண்டு என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

“அப்பா, எண் மட்டும் போட்டா ஏத்துக்க மாட்டாங்க. காரணம் எழுதோணுங்க” என்றாள் லோகப்பிரியா.

அதற்குத்தான் நேரமாயிற்று. கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதி அவருக்கு வருடக்கணக்காகியிருந்தது. பேனாவை இரண்டு தடவை வைத்து எடுத்தார். மற்ற மேசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. கடைசியில் பெரிய பெரிய எழுத்தில், இடம் போதாமல் கோட்டுக்கு வெளியே போய் எழுதினார்: ‘மகள் மூன்று தடவை சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை.’

லோகப்பிரியா அதைப் படித்தாள். இரண்டு மாதமாக அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. அந்தப் பக்கத்தின் மேலேயே குனிந்து அழுதாள். சித்திகா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அழகிரிசாமி தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைத்தார். தம்பிதுரை கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மகளின் முதுகில் வைத்தார்.

அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பென்சிலை எடுத்தாள். அவர் போட்ட இரண்டுக்குப் பக்கத்தில் நாலு என்று எழுதினாள். எழுதிவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கப்படி, கீழே காரணமும் எழுதினாள்: ‘தப்பை அப்பாவே கண்டுபிடித்துவிட்டார்.’